1911-ஆம் ஆண்டு வேல்ஸ்: வீட்டிலிருந்தே தேடுவது எப்படி?

கேள்வி: 1911-இல் வேல்ஸில் நடப்பதாக ஒரு நாவல் எழுதுகிறேன். அந்த ஆண்டின் பொதுவாழ்வைப் பற்றி அதிகச் செலவில்லாமல், இங்கிருந்தபடியே தெரிந்துகொள்ள எங்கே தொடங்கலாம்?

பதில்: நல்ல ஆண்டாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். அபெரிஸ்ட்வித்தில் இருக்கும் வேல்ஸ் தேசிய நூலகம், 1919 வரையிலான பழைய செய்தித்தாள்கள் ஏராளமானவற்றை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. ஆனால் போனவுடன் தேடல் பெட்டியில் கை வைக்காதீர்கள். 'அபர்டேர் லீடர்' மாதிரி ஓர் ஊர் வார இதழை எடுத்து, ஜனவரியிலிருந்து விளம்பரம் உட்படப் புரட்டுங்கள். சேப்பல் (ஊர்ச் சிற்றாலயம்) கூட்டம், பாட்டுப் போட்டி, கடை விலை என்று நாவலுக்கு வேண்டிய சரக்கெல்லாம் அங்கேதான் கிடக்கிறது. ரக்பிப் பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். வேல்ஸ் அணி கிராண்ட் ஸ்லாம், அதாவது தொடரின் எல்லா ஆட்டங்களையும், வென்ற ஆண்டு அது. அடுத்ததுக்கு 1950 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஜூலை இதழ்களில் மட்டும் உஷார். 13-ஆம் தேதி கார்னார்வன் கோட்டையில் மன்னரின் மூத்த மகன், 17 வயது எட்வர்டுக்கு வேல்ஸ் இளவரசர் பட்டம் சூட்டினார்கள். அதற்குப் பின்னால் நின்று காரியத்தை நடத்தியவர் அப்போதைய பிரிட்டிஷ் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ். 15-ஆம் தேதி மேலே சொன்ன அதே நூலகத்துக்கு மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அடிக்கல் நாட்டினார். இந்தக் கோலாகலத்தில் மயங்கினால் கதை கெட்டது. ரோந்தா பள்ளத்தாக்கில் கேம்ப்ரியன் நிறுவனத்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் முந்தைய ஆண்டு தொடங்கிய போராட்டம் அப்போதும் முடிந்திருக்கவில்லை.

ஆகஸ்டில் ரயில்வே வேலைநிறுத்தம் வந்தது. 19-ஆம் தேதி லனெல்லியில் ரயிலை மறித்த கூட்டத்தின் மீது ராணுவம் சுட்டதில் ஜான் ஜான், லெனார்ட் வோர்செல் என்ற இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். இருவருமே ரயில்வே ஊழியர்கள் இல்லை. வோர்செல் காசநோய்க்குச் சிகிச்சை பெற்று வந்தவர், வார இறுதிக்காக வீடு வந்திருந்தார். அன்று சனிக்கிழமை. வார இதழ்கள் பலவும் சனிக்கிழமையே வெளிவந்துவிடும் என்பதால், அந்தத் தேதியிட்ட இதழில் தேடினால் ஏமாந்துபோவீர்கள். 26-ஆம் தேதி இதழைப் பாருங்கள்.

அப்புறம், பெயர்கள். லனெல்லி, கார்னார்வன் போன்ற ஊர்களை அக்கால ஆங்கிலப் பத்திரிகைகள் இன்றைய எழுத்துக்கூட்டலில் எழுதவில்லை. பழைய வடிவத்தையும் போட்டுத் தேடுங்கள். வெல்ஷ் மொழி இதழ்களில் சிக்கல் இன்னும் கூடுதல். முன்னால் வரும் சொல்லைப் பொறுத்து ஊர்ப்பெயரின் முதலெழுத்தே மாறிவிடும். கார்டிஃபின் வெல்ஷ் பெயரை மட்டும் நான்கு விதமாகத் தேட வேண்டியிருக்கும்.

காசு செலவழிப்பதாக இருந்தால் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்களுக்குச் செலவழியுங்கள். வம்சாவளித் தளங்களில் கட்டணத்துக்குக் கிடைக்கும். 1911 ஏப்ரல் 2 இரவு வீட்டில் இருந்தவர்கள் யார், என்ன வேலை, எந்த மொழி பேசுவார்கள் என்பதெல்லாம் பெரும்பாலும் குடும்பத்தலைவரின் கையெழுத்திலேயே இருக்கும். மொழிக் கேள்வி மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான்.

அந்தக் கணக்குப்படி வெல்ஷ் பேசியவர்கள் 9,77,366 பேர். 1901-ஐவிட எண்ணிக்கை கூடியிருந்தது. விகிதமோ பாதியிலிருந்து 43.5 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. நிலக்கரிக்காக வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள் அவ்வளவு பேர். உங்கள் கதை சுரங்க ஊரில் நடப்பதாக இருந்தால், பாத்திரங்களுக்குப் பேச்சு எழுதுவதற்கு முன் ஒரே தெருவின் படிவங்களை வரிசையாக வாங்கி, எந்த வீட்டில் எந்த மொழி என்று குறித்துக்கொள்ளுங்கள்.