கேளுங்கள் சொல்கிறோம்: ஒரு கோடும் ஓர் ஆறும்

கேள்வி: ஆப்கானியரும் பாகிஸ்தானியரும் ஒரே மதம், பஷ்தூ பேசுகிறவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். அப்புறம் ஏன் 2025 அக்டோபரில் அப்படி அடித்துக்கொண்டார்கள்?
- வாசகர், யாங்கோன்

பதில்: இரண்டு பக்கமும் இருப்பதுதானே சிக்கல்! 1893-ல் காபூல் அமீர் அப்துர் ரஹ்மானும் பிரிட்டிஷ் இந்திய அதிகாரி டுராண்டும் கையெழுத்திட்ட கோடு, சுமார் 2,600 கிலோமீட்டர், பஷ்தூன் ஊர்களுக்கு நடுவே போகிறது. (அதன் தென்பகுதியில் எல்லைக்கல் நட்ட மக்மகானின் பெயர்தான் நம் பர்மாவின் கச்சின் மாநிலத்துக்கு வடக்கே ஓடும் கோட்டுக்கும். மனிதருக்கு இதே வேலை.) பாகிஸ்தான் பிறந்த பிறகு மன்னர், கம்யூனிஸ்டுகள், தாலிபான் என்று காபூலில் யார் உட்கார்ந்தாலும் இதை எல்லையாக ஏற்றதில்லை, 1947-ல் பாகிஸ்தானை ஐ.நா.வில் சேர்க்க எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு ஆப்கானிஸ்தான். பஷ்தூன் தலைவர் எல்லை காந்தி கஃபார் கான் 1988-ல் பாகிஸ்தானின் பெஷாவரில் இறந்தபோது, அவர் விருப்பப்படி ஆப்கன் பக்கத்து ஜலாலாபாத்தில் அடக்கம் செய்தார்கள். ஆயிரக்கணக்கானோர் கைபர் கணவாய் தாண்டிப் பின்னால் போனார்கள்.

சரி, அந்த அக்டோபர் சண்டைக்கு வருவோம். தன்னைத் தாக்கும் பாகிஸ்தான் தாலிபான்களுக்குக் காபூல் இடம் கொடுக்கிறது என்பது இஸ்லாமாபாத்தின் குற்றச்சாட்டு, காபூல் மறுக்கிறது. கத்தாரும் துருக்கியும் தோஹாவில் உட்கார வைத்துப் போர்நிறுத்தம் செய்தார்கள். பாகிஸ்தான் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் 2023-லிருந்து லட்சக்கணக்கான ஆப்கானியரைத் தோர்கம் எல்லை வாசல் வழியாக அனுப்புகிறார்களே, பலர் பாகிஸ்தானிலேயே பிறந்தவர்கள், அதற்கு என்ன நியாயம்? கயிற்றுக் கட்டிலும் கோழிக் கூண்டும் லாரியில் ஏற்றிக்கொண்டு, கையில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கூடாது என்ற கட்டளையோடு போனார்கள். 1964-க்குப் பிறகு பர்மாவிலிருந்து கப்பலேறிய நம் ஆட்களிடம் துறைமுகத்தில் தாலியைக்கூடக் கழற்றி வாங்கினார்கள் என்று என் பாட்டி சொல்வார். அதனால் அந்த லாரிப் படங்களை என்னால் செய்தியாக மட்டும் பார்க்க முடியவில்லை.

கேள்வி: ஆப்கானியருக்கு ஈரானோடும் தகராறா? அங்கே மொழிகூட ஒன்றுதானே?
- வாசகி, மோல்மேன்

பதில்: ஈரானின் பாரசீகமும் ஆப்கானியர் பலர் பேசும் தாரியும் ஒரே மொழிதான், பேச்சில் கொஞ்சம் வேறு, அவ்வளவே. தகராறு தண்ணீருக்கு. ஆப்கானிஸ்தானிலிருந்து ஈரான் பக்கம் பாயும் ஹெல்மண்ட் ஆற்றில் ஈரானுக்கு நொடிக்கு 26 கனமீட்டர் என்று 1973-ல் ஒப்பந்தம். மழை பொய்த்த ஆண்டில் குறைத்துக்கொள்ளலாம். எது பொய்த்த ஆண்டு, எவ்வளவு குறைக்கலாம் என்பதில்தான் வம்பு. 2023 மே மாதம் எல்லைக் காவலர்கள் சுட்டுக்கொண்டதில் இரு தரப்பிலும் ஆள் செத்தார்கள். காவிரிக்கரையில் சொந்தக்காரர்கள் இருந்தால் மீதியை அவர்களிடம் கேளுங்கள், நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள்.