அறிவியல் கேள்வி-பதில்: ‘புற்றுநோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது’ என்ற செய்தியை எப்படிப் படிப்பது?

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை புற்றுநோய் ஆய்வு, மரபணுத் திருத்தம், புதிய பயிர் இரகங்கள் ஆகியவற்றைப் பற்றியவை. ஒரே பொருளைக் கேட்டிருந்த கடிதங்களைச் சேர்த்து விடையளித்திருக்கிறேன்.

கேள்வி: புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள் என்ற செய்தி மாதம் ஒருமுறையாவது கண்ணில் படுகிறது. என் தாயாருக்கு மலக்குடலில் புற்றுநோய். மருத்துவரோ கதிர்வீச்சு, கீமோதெரபி, அறுவை என்றுதான் சொல்கிறார். செய்தி பொய்யா, அல்லது மருத்துவர் பழைய முறையிலேயே நின்றுவிட்டாரா?

பதில்: இரண்டும் இல்லை. தங்கள் தாயார் விரைவில் நலம் பெற வேண்டும் என்று விரும்புகிறேன். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே விடை சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் இதே குழப்பத்தோடு வந்த கடிதங்கள்தான் மிகுதி.

புற்றுநோய் என்ற ஒரே பெயரால் நாம் அழைப்பவை உண்மையில் பல நோய்கள். எந்த உறுப்பில் தோன்றியது என்பது அவற்றைப் பிரிக்கும் ஒரு வழி. எந்த மரபணு எவ்வாறு பிறழ்ந்தது என்பது இன்னொரு வழி. புதிய மருந்துகளில் பல இரண்டாவது வழியைப் பின்பற்றுகின்றன. 1960-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு ஆகிய இருவரும் ஒருவகை நாட்பட்ட இரத்தப் புற்றுநோயாளிகளின் அணுக்களில் ஒரு குரோமோசோம் வழக்கத்தைவிடக் குட்டையாக இருப்பதைக் கண்டார்கள். 1973-இல் ஜேனட் ரௌலி, 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் தம் துண்டுகளை மாற்றிக்கொண்டதால் நேர்ந்த குட்டை அது என்று காட்டினார். அப்படி ஒட்டிய இடத்தில் பிறக்கும் புதிய மரபணு, ஓய்வே இல்லாமல் இயங்கும் ஒரு நொதியை உண்டாக்குகிறது என்பது பின்னர் தெரிந்தது. அந்த நொதியை அடக்கும் இமாடினிப் மாத்திரைக்கு 2001-இல் ஒப்புதல் கிடைத்தது. முதல் அவதானிப்புக்கும் மாத்திரைக்கும் இடையே 41 ஆண்டுகள். இன்று அந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் இத்தகைய மாத்திரைகளின் துணையோடு ஏறத்தாழ இயல்பான ஆயுளை எட்டுகிறார்கள்.

இன்னொரு மரபணுவின் கதை இதைவிடக் கடினமானது. கே-ராஸ் என்ற மரபணு மனிதப் புற்றுநோயோடு தொடர்புடையது என்று 1982 வாக்கிலேயே தெரியும். ஆனால் அது உண்டாக்கும் புரதத்தின் மேற்பரப்பில் மருந்து மூலக்கூறு பற்றிக்கொள்ள ஏற்ற குழிவே தென்படாததால், மருந்துக்கு வசப்படாத புரதம் என்று நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். 2013-இல் கெவன் ஷோகாட்டின் ஆய்வுக்குழு, அந்தப் புரதத்தின் 12-ஆம் இடத்தில் கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் வந்தமர்ந்திருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு மருந்து உள்ளே நுழைய ஒரு மறைவான குழிவு இருப்பதைக் கண்டறிந்தது. 2021 மே மாதம் சோட்டோரசிப் என்ற மருந்து நுரையீரல் புற்றுநோய்க்கு ஒப்புதல் பெற்றது. அதே மரபணுவில் அதே 12-ஆம் இடத்தில் சிஸ்டீனுக்குப் பதில் அஸ்பார்டிக் அமிலம் இருந்தால் இந்த மருந்து பயன்படாது. கணையப் புற்றுநோயில் மிகுதியாகக் காணப்படுவதோ அந்த இரண்டாவது பிறழ்வுதான். ‘கே-ராஸ் புற்றுநோய்க்கு மருந்து’ என்ற தலைப்பைப் படித்துவிட்டுக் கணையப் புற்றுநோயாளியின் குடும்பம் கொள்ளும் நம்பிக்கையும், பிறகு அடையும் ஏமாற்றமும் இந்த ஓர் எழுத்து வேறுபாட்டில் அடங்கியிருக்கின்றன.

தங்கள் தாயாரின் நோய்க்கு வருகிறேன். 2022-இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையினர் வெளியிட்ட ஆய்வைத்தான் தாங்கள் செய்தியில் பார்த்திருக்கக்கூடும். மலக்குடல் புற்றுநோயாளிகள் 12 பேர் டோஸ்டார்லிமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தை ஆறு மாதம் பெற்றனர். 12 பேருக்கும் கட்டி கண்ணுக்கோ ஸ்கேனுக்கோ தென்படாதவாறு மறைந்தது. அறுவையோ கதிர்வீச்சோ தேவைப்படவில்லை. இது உண்மையான, மகிழத்தக்க முடிவு. ஆனால் அந்த 12 பேருமே, டி.என்.ஏ. படியெடுக்கப்படும்போது நேரும் பிழைகளைத் திருத்தும் அமைப்பு பழுதடைந்த வகைக் கட்டி உடையவர்கள். அத்தகைய கட்டியில் பிழைகள் மலிந்திருப்பதால், உடலின் காவல் அணுக்களால் அதை அயலாக அடையாளம் காண முடிகிறது. மலக்குடல் புற்றுநோய்களில் அந்த வகை நூற்றுக்கு 5 முதல் 10 வரைதான். ஆகவே மருத்துவரிடம் ஒன்றைத் தவறாமல் கேளுங்கள்: பயாப்சி திசுவில் இந்தப் பழுது உண்டா என்ற சோதனை செய்யப்பட்டதா? அது வழக்கமான சோதனைதான்; கேட்பதில் எந்தத் தயக்கமும் வேண்டாம். சோதனையில் அந்தப் பழுது இல்லை என்று தெரிந்தால், மருத்துவர் சொல்லும் முறையே இன்றைக்குச் சிறந்தது.

‘பழைய முறை’ என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கு வரும் தீவிர லிம்ஃபோசைட் இரத்தப் புற்றுநோயில் 1960-களின் தொடக்கத்தில் மிகச் சிலரே பிழைத்தார்கள். இன்று நல்ல வசதியுள்ள மையங்களில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகள் பிழைக்கிறார்கள். அந்த மாற்றத்தின் பெரும்பகுதி, பழைய கீமோதெரபி மருந்துகளை எந்த வரிசையில், எந்த அளவில், எவ்வளவு காலம் கொடுப்பது என்பதைப் பொறுமையாகச் சோதித்துச் சோதித்து அடைந்தது. அப்படி உழைத்தவர்களின் பெயர் தலைப்புச் செய்தியாக வந்ததில்லை. எனக்கு அவர்கள்மீது ஆழ்ந்த மதிப்பு உண்டு.

கேள்வி: புற்றுநோய்த் தடுப்பூசி என்கிறார்கள். நோய் வருமுன் போடுவதா, வந்தபின் போடுவதா?

பதில்: இரண்டு வகையும் உண்டு, ஒரே சொல்லால் அழைப்பதால்தான் குழப்பம்.

வருமுன் போடுவதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, ஹெச்.பி.வி. என்ற வைரஸுக்கு எதிரான தடுப்பூசி. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு இந்த வைரஸே காரணம் என்று நிறுவிய ஹரால்ட் சூர் ஹவுசன் 2008-இல் நோபல் பரிசு பெற்றார். 2006 முதல் தடுப்பூசி பயன்பாட்டில் இருக்கிறது. இங்கிலாந்தில் 12, 13 வயதில் இதைப் பெற வாய்ப்பிருந்த பெண்களிடையே, அவ்வாய்ப்பு இல்லாத முந்தைய தலைமுறையோடு ஒப்பிடுகையில், கருப்பைவாய்ப் புற்றுநோய் 87 விழுக்காடு குறைந்தது என்று 2021-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. கடந்த இருபது ஆண்டுகளின் புற்றுநோய் ஆராய்ச்சியில் மிகுதியான உயிர்களைக் காக்கப்போவது எது என்று என்னைக் கேட்டால், விலையுயர்ந்த எந்த மருந்தையும் சொல்லாமல் இதைத்தான் சொல்வேன். மகள்கள் உள்ள பெற்றோர் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

வந்தபின் போடுவது பெரும்பாலும் இன்னும் ஆய்வு நிலையில் இருக்கிறது. நோயாளியின் கட்டியை வெட்டியெடுத்து, அதிலுள்ள பிறழ்வுகளைப் படித்து, அவருக்கென்றே ஓர் எம்.ஆர்.என்.ஏ. (புரதம் செய்வதற்கான குறிப்பைச் செல்லுக்குத் தரும் மூலக்கூறு) ஊசியைத் தயாரிக்கிறார்கள். மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் 157 பேரிடம் நடந்த இரண்டாம் கட்ட ஆய்வில், நோயெதிர்ப்பு மருந்து மட்டும் பெற்றவர்களைவிட அதனுடன் இவ்வூசியும் பெற்றவர்களுக்கு நோய் திரும்புதல் அல்லது இறப்பு நேரும் வாய்ப்பு 44 விழுக்காடு குறைவாக இருந்தது. கணையப் புற்றுநோயில் 16 பேரிடம் சோதித்தபோது 8 பேரின் உடல் மட்டுமே ஊசிக்கு எதிர்வினை காட்டியது. நம்பிக்கை கொள்ளலாம், ஆனால் 16 பேரிடம் கிடைத்த முடிவு 16 பேரிடம் கிடைத்த முடிவுதான்.

கேள்வி: கிரிஸ்பர் முறையில் ஒருவரின் மரபணுவைத் திருத்தினால், அந்த மாற்றம் அவருடைய பிள்ளைகளுக்கும் செல்லுமா?

பதில்: இன்று ஒப்புதல் பெற்றுள்ள சிகிச்சையில் செல்லாது. அங்கே திருத்தப்படுபவை இரத்த அணுக்களை உற்பத்தி செய்யும் ஸ்டெம் செல்கள். விந்தணுவோ கருமுட்டையோ அல்ல.

பாக்டீரியா தன்னைத் தாக்கும் வைரஸை வெட்டி எறியக் கையாளும் உத்தியை, நாம் விரும்பும் இடத்தில் டி.என்.ஏ.வை வெட்டும் கருவியாக மாற்றலாம் என்று 2012-இல் காட்டிய இமானுவேல் ஷார்பெந்தியே, ஜெனிஃபர் டௌட்னா ஆகியோர் 2020-இல் வேதியியல் நோபல் பெற்றார்கள். இதன் அடிப்படையில் அமைந்த முதல் சிகிச்சை 2023 நவம்பரில் பிரிட்டனிலும் டிசம்பரில் அமெரிக்காவிலும், ஹீமோகுளோபின் பழுதால் நேரும் பரம்பரை இரத்த நோயான அரிவாள் செல் சோகைக்காக ஒப்புதல் பெற்றது. இதில் பழுதான மரபணுவை நேரே சரிசெய்வதில்லை. நாம் கருவில் இருக்கும்போது வேறொரு வகை ஹீமோகுளோபினை உற்பத்தி செய்தோம். பிறந்தபின் அந்த உற்பத்தியை ஒரு மரபணு நிறுத்திவிடுகிறது. அந்த நிறுத்தியை இரத்த ஸ்டெம் செல்களில் மட்டும் செயலிழக்கச் செய்தால், கருக்கால ஹீமோகுளோபின் மீண்டும் சுரந்து, பழுதான ஹீமோகுளோபினின் குறையை ஈடுசெய்கிறது. ஓராண்டுக்குக் குறையாமல் கண்காணிக்கப்பட்ட 31 பேரில் 29 பேர் தொடர்ந்து 12 மாதங்களேனும் கடும் வலித் தாக்குதல் இன்றி இருந்தார்கள். வலியால் துடித்து மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்தவர்களுக்கு அந்த ஓராண்டு எத்தகையது என்பதை எண்ணிப் பாருங்கள். அதே வேளையில், திருத்திய செல்களுக்கு இடம் ஏற்படுத்த, பழைய எலும்பு மஜ்ஜையைக் கடுமையான கீமோதெரபியால் அழிக்க வேண்டியிருக்கிறது. அதனால் மகப்பேற்றுத் திறன் பாதிக்கப்படலாம் என்பதையும் மறைக்கக் கூடாது.

கருவையே திருத்திக் குழந்தைகளைப் பிறக்கச் செய்யும் முயற்சி 2018-இல் சீனாவில் நடந்தது. உலக அறிவியலாளர்கள் ஒருமித்துக் கண்டித்தார்கள். அதைச் செய்த ஆய்வாளர் சிறை சென்றார். அந்தக் கண்டனம் முற்றிலும் நியாயமானது என்பது என் கருத்து. பிறக்காத குழந்தையிடம் நாம் ஒப்புதல் கேட்க முடியாது.

கேள்வி: மரபணு திருத்திய அரிசியை உண்டால் நம் மரபணு மாறுமா?

பதில்: மாறாது. நாம் உண்ணும் தாவர, விலங்கு உணவு அனைத்திலும் டி.என்.ஏ. இருக்கிறது, அது செரிமானத்தில் சிதைந்துவிடுகிறது.

கேள்வி: பயிர்களின் மரபணுவையே திருத்த முடியும் என்றால், பழைய நாட்டு இரகங்களைக் காப்பாற்றி வைப்பதற்கு இனி என்ன தேவை?

பதில்: தேவை முன்பைவிடக் கூடியிருக்கிறது. திருத்துவதற்குக் கத்தரிக்கோல் கிடைத்துவிட்டது. எந்த இடத்தில் என்ன எழுத்து இருந்தால் பயிருக்கு நன்மை என்ற அறிவு அந்த இரகங்களில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

வெள்ளம் தாங்கும் நெல் இதற்குத் தெளிவான சான்று. வயல் மூழ்கும்போது சாதாரண நெற்பயிர் நீருக்குமேல் தலை நீட்ட விரைந்து வளர்ந்து, சேமித்த மாவுச்சத்தைச் செலவழித்து, நீர் வடியும்போது துவண்டு மடிகிறது. ஒடிசாவின் பழைய நெல் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட எஃப்.ஆர்.13ஏ என்ற இரகமோ வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு அமைதியாகக் காத்திருக்கிறது. இதற்குக் காரணமான சப்-1ஏ என்ற மரபணு 2006-இல் அடையாளம் காணப்பட்டது. மகசூலில் பின்தங்கிய அந்த இரகத்தைப் பரவலாக விளைந்துகொண்டிருந்த ஸ்வர்ணாவோடு கலந்து, ஒவ்வொரு தலைமுறையிலும் டி.என்.ஏ. குறிகளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, 2009-இல் ஸ்வர்ணா சப்-1 வெளியிடப்பட்டது. ஏறத்தாழ இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும் அது மீண்டெழும். இதில் மரபணுத் திருத்தமும் இல்லை, வேற்று உயிரியின் மரபணுவும் இல்லை. கலப்புதான், ஆனால் எதைத் தேடுகிறோம் என்று அறிந்து செய்த கலப்பு. அந்தப் பழைய நெல்லை யாரும் சேமித்து வைக்காதிருந்தால் தேடுவதற்கே ஒன்றும் இருந்திராது.

திருத்தம் எங்கே உதவுகிறது என்பதற்குக் கோதுமையைச் சொல்லலாம். சாம்பல் நோய்ப் பூஞ்சை, எம்.எல்.ஓ. என்ற மரபணு உள்ள செடியில் எளிதாக நுழைகிறது. அது செயலிழந்த பார்லிச் செடிகள் பல பத்தாண்டுகளாக நோயை எதிர்த்து நிற்கின்றன. ஆனால் கோதுமை மூன்று மூதாதைப் புற்களின் கலவை என்பதால் அந்த மரபணுவுக்கு மூன்று பிரதிகள் உண்டு. மூன்றும் இயற்கையில் ஒரே செடியில் பழுதடைவது அரிதினும் அரிது. 2014-இல் சீன ஆய்வாளர்கள் மூன்றையும் சேர்த்துத் திருத்தினார்கள். நோய் அகன்றது, ஆனால் செடியின் வளர்ச்சி குன்றியது. 2022-இல் அதே குழுவினர், ஒரு பிரதியோடு சேர்ந்து அருகிலிருந்த பெரிய டி.என்.ஏ. துண்டும் நீங்கிய செடியில் மட்டும் வளர்ச்சியும் குன்றவில்லை, நோயும் வரவில்லை என்று காட்டினார்கள். அந்தத் துண்டு போனதால் பக்கத்து மரபணு ஒன்று விழித்துக்கொண்டு குறையை ஈடுசெய்திருக்கிறது. எட்டு ஆண்டுகள் செடிகளைப் பொறுமையாகப் பார்த்திராவிட்டால் இது புலப்பட்டிருக்காது.

கேள்வி: மெண்டலின் பட்டாணி ஆய்வைப் பள்ளியில் படிக்கிறேன். அதில் இனியும் கண்டுபிடிக்க எதுவும் மிச்சம் இருக்கிறதா?

பதில்: நல்ல கேள்வி, தம்பி. மெண்டல் தம் முடிவுகளை 1866-இல் அச்சிட்டார். அவர் ஆராய்ந்த ஏழு பண்புகளில் நான்கிற்குக் காரணமான மரபணுக்கள் முன்பே தெரிந்திருந்தன. காயின் நிறம், காயின் வடிவம், பூ அமையும் இடம் ஆகிய மூன்றிற்கும் உரிய மரபணுக்கள் 2025-இல்தான், ஏறத்தாழ 700 பட்டாணி வகைகளின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டபோது தெரியவந்தன. உன் பாடநூலில் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும் ஆய்வு நிறைவு பெற 159 ஆண்டுகள் ஆயின.

கேள்வி: என் கணவருக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் நுரையீரல் கட்டி அகற்றப்பட்டது. இப்போது நோய் திரும்பியிருக்கிறது. அன்று மரபணுச் சோதனை செய்யவில்லை. இனிச் செய்ய வழியுண்டா, அம்மா?

பதில்: உண்டு. அறுவையில் எடுத்த திசுவை ஃபார்மலினில் பதப்படுத்தி, மெழுகுக் கட்டியில் பதித்து, நோய்க்கூற்றியல் பிரிவில் பல ஆண்டுகள் வைத்திருப்பது மருத்துவமனைகளின் நடைமுறை. அதிலிருந்து மெல்லிய சீவல் எடுத்து மரபணுச் சோதனை செய்யலாம். நாட்பட நாட்பட டி.என்.ஏ. சிதையும் என்பதாலும், திரும்பி வந்த கட்டியில் புதிய பிறழ்வுகள் சேர்ந்திருக்கக்கூடும் என்பதாலும், இயன்றால் புதிய பயாப்சியே மேல். இயலாவிட்டால் இரத்தத்தில் கலந்திருக்கும் கட்டியின் டி.என்.ஏ.வைச் சோதிக்கும் முறையும் இருக்கிறது. எது பொருந்தும் என்பதைப் புற்றுநோய் மருத்துவர் முடிவு செய்வார். அவரைச் சந்திக்குமுன், பழைய அறிக்கையில் உள்ள பயாப்சி எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த மெழுகுக் கட்டி இன்னும் இருக்கிறதா என்று அறுவை நடந்த மருத்துவமனையில் விசாரித்துவிடுங்கள், சகோதரி. நாளைக்கே விசாரியுங்கள்.