சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3: பழையது கிடைத்தால் வாங்கலாமா?

கேள்வி: கோவில் சிற்பங்களைப் படம் எடுப்பேன். இருட்டு மண்டபத்தில் போனில் எடுத்தால் சிலையின் முகம் மெழுகு பூசியதுபோல வருகிறது. தெரிந்தவர் ஒருவர் தன் சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3-ஐ விற்கிறார். 2014-இல் வந்த கேமராவாம். இப்போது வாங்கினால் உதவுமா?

பதில்: மண்டபச் சிற்பங்களுக்கு என்றால் தாராளமாக வாங்கலாம். கோபுரத்துச் சுதை உருவங்களையும் எடுப்பீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள், அதற்கு வருகிறேன்.

முதலில் அந்த மெழுகு முகம். வெளிச்சம் போதாத இடத்தில் போன் ஐஎஸ்ஓவை, அதாவது ஒளியுணர்வை, ஏற்றுகிறது, அதனால் வரும் புள்ளிகளைத் தானே தேய்த்து அழிக்கிறது, கூடவே உளித்தடமும் அழிந்துபோகிறது. இந்தக் கேமராவில் படத்தைப் பதிவது 1 அங்குல வகை சென்சார், 13.2 x 8.8 மி.மீ., சாதாரண பாக்கெட் கேமரா சென்சாரைப் போல நாலு மடங்கு பரப்பு. லென்ஸும் அகலக் கோணமான 24 மி.மீ.யில் எஃப்1.8, முழு ஜூமான 70 மி.மீ.யிலும் எஃப்2.8 வரை திறக்கும்; எஃப் எண் சிறிதாக இருந்தால் துளை பெரிது, வெளிச்சம் அதிகம். சிலை அசையப்போவதில்லை, அதிர்வுத் தடுப்பும் இருக்கிறது, அதனால் தூணில் தோளைச் சாய்த்து மூச்சை அடக்கி 1/10 நொடியில்கூட எடுத்துவிடலாம். தொல்லியல் துறைக் கோவில்களில் முக்காலிக்குத் தனி அனுமதி வேண்டுமே, அங்கே இது பெரிய உதவி. நான் இப்படி எடுத்த ஒரு துவாரபாலகர் படத்தில், இடுப்பு மணிகளுக்கு நடுவே படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்குகூடத் தனியாகத் தெரிந்தது.

இனி குறைகள். உடம்பு வழுக்கும், பிடிமானமே கிடையாது, ஒட்டுகிற ரப்பர் பிடி ஒன்று வாங்கிப் போடுங்கள். தொடுதிரை இல்லை. கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் மேலே எழும்பியதும் கண் வைக்கும் பகுதியை விரலால் இழுக்க வேண்டும், திரும்ப உள்ளே அழுத்தினால் கேமராவே அணைந்துவிடும், பழகும்வரை எரிச்சல்தான். பேட்டரி புதிதாக இருந்தாலே 320 படம்தான், பழசை நம்பாமல் இன்னொன்று வாங்கிவிடுங்கள். 4கே வீடியோவும் கிடையாது, உங்களுக்கு அது தேவைப்படாது.

உண்மையான குறை ஜூம்தான். தஞ்சைப் பெரிய கோவில் விமானம் 60 மீட்டருக்கு மேல், கீழே நின்று 70 மி.மீ.யில் எடுத்தால் உச்சியில் இருக்கும் உருவங்கள் பொடிப்பொடியாகத்தான் விழும். இதே வரிசையில் 2019-இல் வந்த மார்க் 7 இருநூறு மி.மீ. வரை போகும், ஆனால் அதன் லென்ஸ் எஃப்2.8-இல்தான் தொடங்குகிறது, ஜூமில் 4.5. மண்டபத்துக்குள் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். எடுத்த படங்களைப் புரட்டிப் பாருங்கள், தூண்கள் அதிகமா கோபுரம் அதிகமா என்று.

பணம் கொடுக்குமுன் ஒரு சோதனை. லென்ஸ் திணறாமல் வெளியே வந்து உள்ளே போகிறதா பாருங்கள். அப்புறம் வெள்ளைச் சுவரை எஃப்11-இல் எடுத்து, திரையில் பெரிதாக்கி மூலை மூலையாகத் தேடுங்கள். சாம்பல் பொட்டு தெரிந்தால் உள்ளே தூசி. இந்த லென்ஸைக் கழற்றித் துடைக்க முடியாது, பிரித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். அப்படி இருந்தால் விலையைக் குறைத்தாலும் வாங்காதீர்கள்.