அபராதம் என்று எழுதாத அபராதம்

கேள்வி: கணக்கில் போதிய பணம் இல்லாததால் என் மாதத் தவணை திரும்பியது. அதற்காக வங்கி பிடித்த கட்டணத்தால் இருப்பு மேலும் குறைந்து, அடுத்த தவணையும் திரும்ப, மீண்டும் ஒரு கட்டணம் பிடித்தார்கள். இதற்குச் சட்டப்படி உச்சவரம்பு வேண்டி நண்பர்கள் சிலர் கையெழுத்து இயக்கம் தொடங்க இருக்கிறோம். மனுவில் எதைக் கோருவது?

பதில்: எந்த நாட்டு வங்கி என்று தாங்கள் குறிப்பிடாததால், முந்தைய தீர்ப்புகளை வழிகாட்டியாகக் கொள்ளும் ஆங்கிலேயப் பொதுச்சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளுக்குப் பொதுவாகப் பொருந்துவதை எழுதுகிறேன்.

ஒப்பந்தத்தை மீறியவரிடம், காக்க வேண்டிய நியாயமான நலனுக்குச் சற்றும் பொருந்தாத பெருந்தொகையைத் தண்டனையாக வசூலிக்க நீதிமன்றம் துணைபோகாது என்பது இம்மரபின் விதி. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 74-ஆம் பிரிவும், ஒப்பந்தத்தில் எழுதிய தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீட்டையே அனுமதிக்கிறது. ஆனால் இவ்விதியை மட்டும் நம்பி மனு எழுதினால் தோற்பீர்கள். பிரிட்டனில் நடந்தது அதுதான்.

அங்கே இத்தகைய கட்டணங்களைத் திரும்பக் கேட்டு வாடிக்கையாளர்கள் பெருமளவில் திரண்டபின், நுகர்வோர் நலனைக் காக்க அப்போது இருந்த அரசு அமைப்பான நியாய வர்த்தக அலுவலகம், 8 நிதி நிறுவனங்களுக்கு எதிராக மாதிரி வழக்கு (மற்ற வழக்குகளுக்கும் வழிகாட்டும் வழக்கு) நடத்தியது. இருப்புக்கு மேல் பணம் எடுக்க முயல்வது ஒப்பந்த மீறலன்று, கடன் கேட்பதாகவே கொள்ளத்தக்கது. ஆகவே அதற்கான கட்டணம் அபராதமாகாது என்ற கருத்தை 2008-இல் கீழ் நீதிமன்றம் பெரும்பாலும் ஏற்றது. அக்கட்டணம் வங்கிச் சேவையின் விலையில் ஒரு பகுதி என்பதால், சேவைக்கு அது தகுந்த விலையா என்று நுகர்வோர் விதிகளின்கீழ் ஆராய முடியாது என 2009 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலைமையை மாற்றியது அந்நாட்டு நிதித்துறை ஒழுங்குமுறை ஆணையம்: மிகைப்பற்றுக்கு, அதாவது இருப்புக்கு மேல் எடுக்கும் பணத்துக்கு, நாள்தோறும் அல்லது மாதந்தோறும் பிடிக்கும் நிலையான கட்டணங்கள் 2020 ஏப்ரல் முதல் அங்கே தடைசெய்யப்பட்டன.

ஆகையால், இது அபராதமன்று, சேவையின் விலை என்று சொல்லி வங்கி தப்பாதபடி, "எப்பெயரில் வசூலிக்கப்பட்டாலும்" என்ற சொற்கள் உங்கள் மனுவில் கட்டாயம் இடம்பெற வேண்டும். கட்டணம் வங்கிக்கு உண்மையில் ஆகும் செலவைத் தாண்டக்கூடாது என்றும், அச்செலவை மெய்ப்பிக்கும் பொறுப்பு வங்கியுடையது என்றும் கேளுங்கள். குறிப்பிட்ட ஒரு தொகையை உச்சவரம்பாகக் கோருவதை நான் ஆதரிப்பதில்லை; நாளடைவில் எல்லா வங்கிகளும் அந்தத் தொகையையே வசூலிக்கத் தொடங்கிவிடும். எல்லாவற்றிலும் முக்கியமானது, ஒரு கட்டணத்தின் விளைவாகவே இன்னொரு கட்டணம் விழுவதற்குத் தடை. தங்களுக்கு நேர்ந்ததும் அதுவே என்பதால், தேதிவாரியான கணக்கு அறிக்கையை மனுவுடன் இணையுங்கள். மனுவைச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு மட்டுமன்றி, விதி வகுக்கும் அதிகாரமுள்ள மத்திய வங்கிக்கும் அனுப்புங்கள்.

தங்கள் சொந்தப் பணத்துக்காக இயக்கத்தின் முடிவு வரை காத்திருக்க வேண்டாம். இரண்டாவது கட்டணம் முதலாவதால் மட்டுமே எழுந்தது என்பதைக் காட்டி, அதைத் திருப்பித் தருமாறு வங்கிக்கு இப்போதே எழுத்துமூலம் முறையிடுங்கள். மறுத்தாலோ பதில் வராவிட்டாலோ, கால வரம்புக்குள் வங்கிக் குறைதீர்ப்பாளரை அணுகுங்கள்.