எவர்சில்வரில் காரீயமா? காந்தத்தைக் கேட்காதீர்கள்

கேள்வி: வீட்டில் தட்டு, டம்ளர் எல்லாமே எவர்சில்வர். அதில் கன உலோகம் கலந்து விற்கிறார்கள், காந்தம் ஒட்டினால் போலி என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். வைத்துப் பார்த்தால் 4 தட்டில் ஒட்டுகிறது, 8 தட்டில் ஒட்டவில்லை. மொத்தத்தையும் எடைக்குப் போட்டுவிட்டு மாமியாரின் பித்தளை, ஈயச்சொம்பு, பழைய இண்டாலியச் சட்டி இவற்றுக்கே திரும்பிவிடலாமா? இல்லை, லேபில் கொடுத்துப் பார்க்கலாமா?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: எடைக்குப் போடாதீர்கள். மாமியாரின் பாத்திரங்களைப் பற்றி அப்புறம் பேசுவோம், அங்கேதான் விஷயமே இருக்கிறது.

காந்தம் உலோகத்தின் ரகத்தைப் பற்றிக் குத்துமதிப்பாக ஏதோ சொல்லும், அவ்வளவுதான். நிக்கல் சேர்க்காத 430 ரகத்தில் ஒட்டும். 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உள்ள 304-இல் ஒட்டாது. ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீசை ஏற்றிச் செய்கிற மலிவான 202-லும் ஒட்டாதே! போதாக்குறைக்கு, நல்ல 304 டம்ளரிலும் விளிம்பை மடித்த இடத்தில் லேசாகப் பிடிக்கும், தகட்டை அச்சில் இழுத்து வளைத்ததால் வருகிற குணம் அது. உங்கள் வீட்டில் யாருக்காவது நிக்கல் ஒவ்வாமை இருந்தால், கவரிங் நகை போட்டாலே கழுத்து அரிக்கும் என்பார்களே அவர்களுக்கு, காந்தம் நன்றாக ஒட்டுகிற தட்டுதான் நல்லது. வீடியோக்காரர் தலைகீழாகச் சொல்லியிருக்கிறார்.

ஆன்லைனில் ஒரு சொட்டுத் திரவம் விற்கிறார்கள், நானும் வாங்கிப் பார்த்தேன். தட்டின் பின்பக்கம் ஒரு சொட்டு விட்டு, 9 வோல்ட் பேட்டரியின் ஒரு முனை தட்டிலும் மறுமுனை சொட்டிலும் படும்படி சில விநாடி பிடிக்க வேண்டும். மாங்கனீசு அதிகமென்றால் சொட்டு சிவக்கும். பெயரும் தேதியும் வெட்டிய என் கல்யாணச் சீர்த் தட்டு குங்குமம் கரைத்த மாதிரி சிவந்தது. 304 என்று சொல்லி வாங்கிய காசுக்கு 202 போன்ற 200 வரிசைத் தட்டு வந்திருக்கிறது, ஏமாந்தது ஏமாந்ததுதான், ஆனால் அதற்காக அது விஷத்தட்டு ஆகிவிடாது. காரீயம், காட்மியம் போன்ற கன உலோகங்களைப் பற்றி அந்தச் சொட்டுக்கு எதுவுமே தெரியாது.

தகட்டில் என்ன இருக்கிறது என்பது ஒரு கேள்வி, சோற்றில் எவ்வளவு இறங்குகிறது என்பது வேறு கேள்வி. பழைய உலோக வியாபாரிகள் வைத்திருக்கும் எக்ஸ்ரே துப்பாக்கி முதல் கேள்விக்கு நொடியில் பதில் சொல்லும். இரண்டாவதற்கு லேப்தான். ஐரோப்பிய கவுன்சில் வழிகாட்டி சொல்கிற முறையில், புளிப்பான உணவுக்குப் பதிலாக லிட்டருக்கு 5 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்த நீரைப் பாத்திரத்தில் ஊற்றி, குறிப்பிட்ட சூட்டில் குறிப்பிட்ட நேரம் வைத்து, இறங்கிய உலோகத்தை அளக்கிறார்கள். அதே பாத்திரத்தில் மூன்று முறை. மூன்றாவது முறை ஒரு கிலோ உணவுக்கு நிக்கல் 0.14 மில்லிகிராமுக்கும் காரீயம் 0.010 மில்லிகிராமுக்கும் மேல் போகக்கூடாது.

ஏன் மூன்று முறை? புதுப் பாத்திரம் முதலில் அதிகமாக விடும், போகப்போகக் குறையும். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் எவர்சில்வரில் தக்காளி சாஸைத் திரும்பத் திரும்பக் காய்ச்சியபோது ஆறாவது முறைக்குப் பிறகுதான் கசிவு ஒரு நிலைக்கு வந்தது. பத்தாவது முறையிலும் 126 கிராம் சாஸில் சராசரியாக 88 மைக்ரோகிராம் நிக்கல். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் தினசரி நிக்கல் வரம்பு சுமார் 780 மைக்ரோகிராம். ஆக, ஒவ்வாமை இல்லாதவர் பயப்பட ஒன்றுமில்லை. புதுப் பாத்திரத்தில் முதல் நாளே புளிக்குழம்பு வைக்காமல் நாலைந்து தடவை பால், வெந்நீர் என்று ஓட்டுங்கள். ரசத்தை ராத்திரி முழுக்க அதிலேயே விடாதீர்கள், ஊறுகாய்க்கு ஜாடிதான் சரி.

சரி, காரீயம். எவர்சில்வர் தகட்டில் அதை யாரும் சேர்ப்பதில்லை, சேர்த்து லாபமும் இல்லை. நீங்கள் திரும்பிப் போக நினைக்கிற அலமாரியில்தான் அதற்கு வழி இருக்கிறது. ஈயச்சொம்பு என்பது வெள்ளீயம், அது விலை அதிகம்; காரீயம் அதைவிடப் பல மடங்கு மலிவு என்பதால் கலப்படம் செய்ய ஆசை வரும், கொதிக்கிற ரசத்தில் அது இறங்கும். வார்ப்புப் பித்தளையில் காரீயம் இருப்பது சகஜம், உள்ளே பூசிய வெள்ளீயம் தேய்ந்தால் புளி நேராக அதைத் தொடும். இண்டாலியம் என்கிற அலுமினியக் கலவை? அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025-இல், இறக்குமதியான சில அலுமினியம், பித்தளைப் பாத்திரங்களிலிருந்து காரீயம் கசிவதாக எச்சரித்தபோது இண்டாலியத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. அதற்கு முன்பே சியாட்டில் பகுதியில், ரத்தத்தில் காரீயம் கூடியிருந்த ஆப்கன் அகதிக் குழந்தைகளின் வீடுகளில் தேடியபோது அலுமினியக் குக்கர்கள் சிக்கின. மாற்றாக அங்கே சொன்னது எதை? எவர்சில்வரைத்தான்.

லேபுக்குக் காசு செலவழிப்பதென்றால் அந்த ஈயச்சொம்பைக் கொடுங்கள். லேப்களின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரம் உள்ள லேபாகப் பார்த்து, "என்ன கலந்திருக்கிறது" என்று கேட்காமல் "அமில நீரில் காரீயம் எவ்வளவு இறங்குகிறது" என்று எழுதிக் கேளுங்கள். முடிவு வரும்வரை ரசம் எவர்சில்வரிலேயே கொதிக்கட்டும்.

கேள்வி: பையன் பள்ளிக்குக் கொண்டுபோகும் ஃபிளாஸ்க்கின் அடியில் காரீயம் இருக்கிறதாமே?
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: சில தயாரிப்புகளில் இருக்கிறது. இரட்டைச் சுவர் நடுவே காற்றை உறிஞ்சிய துளையை அடைக்க வெளி அடிப்பாகத்தில் ஒரு பொட்டு வைப்பார்கள், அதில் காரீயம் சேர்ப்பதுண்டு. 2024 தொடக்கத்தில் அமெரிக்காவில் பெரிய பேச்சானது இதுதான். அதன் மேல் காசு அளவு மூடித் தகடு இருக்கும், உள்ளே இருக்கும் தண்ணீர் அதைத் தொடாது. ஃபிளாஸ்க்கைக் கவிழ்த்துப் பாருங்கள். தகடு கழன்று பொட்டு வெளியே தெரிந்தால் அன்றோடு விட்டுவிடுங்கள், பையன் விரலால் நோண்டுவதற்குள்.