கட்டுரையை எழுதியது மாணவரா, கருவியா? – கேள்வி பதில்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் 22 ஆண்டுகளாகக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் கட்டுரைகள் பற்றி வந்த கேள்விகள் இவை.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை: கருவி எழுதியதைக் கண்டுபிடிக்க எந்தச் செயலி நல்லது?

எதுவும் இல்லை, அம்மா. சாட்ஜிபிடியை வெளியிட்ட ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒன்றைக் கொண்டுவந்தது. அவர்கள் சோதித்த ஆங்கிலப் பகுதிகளில், கருவி எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தைக் கருவியின் கணக்கில் சேர்த்தது. ஜூலையில் அவர்களே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆங்கிலத்திலேயே இந்த நிலை. செயலி சொல்லும் சதவீதத்தைக் காட்டி ஒரு பிள்ளையையும் தண்டிக்காதீர்கள்.

வண்ணாமடை மாணவர்: நான் எழுதிவிட்டு, பிழை திருத்த மட்டும் கொடுத்தேன். தவறா ஐயா?

தவறில்லை தம்பி. திரும்பி வந்ததைப் படித்தாயா? சென்ற பருவத்தில் ஒரு மாணவி, 'மழையால் கல்லூரிக்கு மூன்று நாள் அவதி' என்று எழுதியிருந்தாள். மலையாளத்தில் அவதி என்றால் விடுமுறை. நம் வீடுகளிலும் அப்படித்தான் பேசுகிறோம். கருவி அதைத் தமிழ் அவதியாக எடுத்துக்கொண்டு, 'மழையால் கல்லூரி மூன்று நாள்கள் பெருந்துன்பத்திற்கு உள்ளானது' என்று மெருகேற்றிக் கொடுத்துவிட்டது. அவள் அப்படியே கொண்டுவந்து தந்தாள். கைப்பிரதியையும் வாங்கி வைப்பது என் வழக்கம். பெயர் சொல்லாமல் இரண்டு வரிகளையும் கரும்பலகையில் எழுதினேன். சிரிப்பு அடங்கியதும் அவளே எழுந்து வந்து 'விடுமுறை' என்று திருத்தினாள். தாகத்துக்குத் தண்ணீரை 'வெள்ளம்' என்று கேட்கும் ஊரில் இந்த வேலையைக் கருவியிடம் எப்படி விடுவது?

கோபாலபுரம் வாசகர்: கண்டுபிடிக்கும் செயலி ஏதேனும்?

முதல் பதிலைப் படியுங்கள்.

வேலந்தாவளம் காய்கறி வியாபாரி: நாங்கள் கைடைப் பார்த்து எழுதினோம். அன்று வராத பதற்றம் இன்று ஏன்?

பார்த்து எழுதியதில் கையாவது வலித்தது, அண்ணா. வழியில் நாலு சொல் ஒட்டிக்கொண்டது.

அவரே: என் மகன் கருவி தந்ததையும் கையால்தான் பார்த்து எழுதுகிறான்.

மடக்கிவிட்டீர்கள். கையெழுத்து மட்டும் காவல் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் வகுப்பிலேயே 20 நிமிடம் எழுதவைக்கிறேன். போன வாரத் தலைப்பு: 'இன்று காலை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்'. ஒருவன் எழுதினான்: 'அவர் சட்டைப் பையில் பொள்ளாச்சி டிக்கெட்டோடு ஒரு காது மாத்திரம் உள்ள கண்ணாடி இருந்தது'. இதைக் கண்டவன்தான் எழுத முடியும். பிறகு வீட்டில் விரித்து எழுதலாம், கருவியையும் கேட்கலாம். ஆனால் என் முன்னால் உட்கார்ந்து, 'இந்தச் சொல்லை ஏன் எடுத்தாய்?' என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். 60 பேரைக் கேட்டு முடிக்க ஒரு வாரம் போய்விடுகிறது. அந்த நேரத்துக்கு நான் படும் பாடு தனி.

மீண்டும் அவரே: கால்குலேட்டர் வந்தபோதும் இப்படித்தான் கத்தினார்கள்.

கால்குலேட்டர் ஏழெட்டு ஐம்பத்தாறு என்று நிறுத்திக்கொள்ளும். இந்தக் கருவியோ, இல்லாத குறளையும் எண் போட்டுச் சொல்லும்! ஒரு மாணவன் கொண்டுவந்த 'குறளில்' எட்டுச் சீர் இருந்தது. முதலடியில் நான்கு, இரண்டாமடியில் மூன்று என்று விரல்விட்டு எண்ணியிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். 1330-இல் அது எங்கும் இல்லை. நூலைத் திறக்காமல் குறள் எண் எழுதாதீர்கள்.

மீனாட்சிபுரம் வாசகர்: இலவசச் செயலியாவது உண்டா?

இலவசமாகவும் இல்லை.

பொள்ளாச்சி ஆசிரியர்: 'முக்கியப் பங்கு வகிக்கிறது' என்று வந்தால் கருவி எழுதியதுதானே?

அப்படியானால் நம் ஊர் விழா மலர்களை எல்லாம் 1980களிலேயே கருவி எழுதியிருக்க வேண்டும். அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று ஊகித்து எழுதுவது அது. நாம் தேய்த்த தொடர்தான் அதன் கைக்கு முதலில் எட்டுகிறது. ஐயம் வந்தால் பிள்ளையை அழைத்துப் பேசுங்கள். மறுபடியும் சொல்கிறேன், சதவீதத்தை நம்பாதீர்கள்.

சித்தூர் வாசகர்: எம்.ஏ. சேர்க்கை எப்போது?

கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள்.

வேலந்தாவளம் வியாபாரி: மகனை அனுப்பட்டுமா?

சனிக்கிழமை காலை, பேனாவோடு. நீங்களும் வாருங்கள் அண்ணா, கால்குலேட்டர் பேச்சு மட்டும் வேண்டாம்.