மோன் பிளாங் உச்சிக்கு ஓடியே ஏறலாமா?

கேள்வி: ஜெனீவாவில் பணிபுரிகிறேன்; மாரத்தான் ஓட்டங்களில் பழக்கம் உண்டு. வரும் ஜூலையில் ஓட்டக் காலணியுடன், ஒரே நாளில் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மிக உயர்ந்த சிகரமான மோன் பிளாங் உச்சிக்கு ஓடி ஏறித் திரும்ப விரும்புகிறேன். எவ்வாறு ஆயத்தமாவது?

பதில்: இந்தத் திட்டத்தைக் கைவிடுங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. 2013-இல் ஸ்பெயினின் மலை ஓட்டவீரர் கிலியன் ஜோர்னெட், மலையடிவாரத்துப் பிரெஞ்சு ஊரான ஷமோனியிலிருந்து உச்சிக்கு ஓடி 4 மணி 57 நிமிடத்தில் திரும்பியதிலிருந்து பலருக்கும் இந்த ஆசை வந்துவிட்டது. ஆனால் அவர் மலைக்குடில் காப்பாளரின் மகன். பனியில் நடந்தே வளர்ந்தவர். அவருமே அதே ஆண்டு செப்டம்பரில் அருகிலுள்ள எகுய் தியு மிதி சிகரத்தின் மலைமுகத்தில் மெல்லிய உடையுடன் வானிலையிடம் சிக்கி, மீட்புப் படையினரால் இறக்கப்பட்டார். அதற்கு முந்தைய ஆண்டு, அவருடன் சென்ற பிரெஞ்சு மலையேற்ற வீரர் ஸ்தெஃபான் புரோஸ், முகட்டு விளிம்பில் காற்று குவித்துத் தொங்கவிட்டிருந்த பனி உடைந்ததில் விழுந்து இறந்தார்.

வேகமாகச் சென்றால் ஆபத்தான இடத்தில் இருக்கும் நேரம் குறையும் என்பது உண்மைதான். எனினும் ஓடும்போது உங்களைக் காப்பது உடல் உண்டாக்கும் வெப்பம் மட்டுமே என்பதால், கணுக்கால் பிசகி நின்றுவிட்டால், வியர்வையில் நனைந்த உடை சில நிமிடங்களிலேயே உங்களை நடுங்க வைக்கும். பனியாற்றில் பிளவுகளை மென்பனி மூடியிருக்கும். வெயில் ஏற ஏற அது இளகும். கயிற்றில் இணைந்த துணை இல்லாதவர் உள்ளே விழுந்தால் தூக்க ஆளில்லை. வழக்கமான பாதையில், மலையேறுவோர் தங்கும் கூத்தே குடிலுக்குக் கீழுள்ள செங்குத்துப் பள்ளத்தில், பாறைகளைப் பிணைத்திருக்கும் பனிக்கட்டி உருகுவதால் கற்கள் உருண்டு வருகின்றன. பலர் அங்கே உயிரிழந்துள்ளனர். உயரமும் சேர்ந்துகொள்ளும்: 4,800 மீட்டருக்கு மேல் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதியைச் சற்றே தாண்டும். மாரத்தான் பயிற்சி இதற்கு மருந்தாகாது. உயரத்தில் இரவுகள் தங்கித்தான் உடலைப் பழக்க வேண்டும்.

சட்டமும் உண்டு. 2017-இல் மலையடிவாரத்திலுள்ள சென் ஜெர்வே நகர மேயர், இப்பாதையில் மலையேற்றக் காலணி, அதில் பூட்டும் இரும்பு முட்கள், இடுப்புப் பட்டை, கயிறு முதலியவற்றைக் கட்டாயமாக்கினார்.

ஓட வேண்டுமானால், மலை ரயில் முடியும் நீ தேக்ள் வரை, 2,372 மீட்டர், ஓடுங்கள். நல்ல ஏற்றம், பனியாறு இல்லை. அதற்கு மேலே செல்ல 1821 முதல் இயங்கும் ஷமோனி வழிகாட்டிகள் சங்கத்தில் ஒருவரை அமர்த்தி, பல நாள் பயணமாகச் செல்லுங்கள். குடிலில் முன்பதிவு கட்டாயம். கோடை இடங்கள் சீக்கிரமே நிரம்பிவிடும்.